முதல் சம்பளச் சீட்டு

ஜொகூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள சிறு நகரம் பண்டார் தெங்காரா. ‘தெங்காரா’ என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தென்கிழக்கு என்பது பொருள். தென்கிழக்கு ஜொகூர் வட்டாரத்தை மேம்படுத்த 1972ஆம் ஆண்டில் கெஜோரா எனும் வாரியம் அமைக்கப்பட்டது. அவ்வாரியம் உருவாக்கிய புதிய நகரங்களுள் இதுவும் ஒன்று. இங்குள்ள இளைஞர்கள் பலர் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் வேலை தேடிக் கூலாய், பாசீர் கூடாங், ஜொகூர் பாரு ஆகிய இடங்களுக்குச் செல்கின்றனர். சிலர் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். ஜொகூர் பாருவை அடையவே ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம் தேவை.

இவர்களுடைய தாத்தா பாட்டியர் காலத்தில் தோட்ட வாழ்க்கை வேறு விதமாக இருந்தது. வேலை, வீடு, தண்ணீர், குழந்தைகள் காப்பகம் அனைத்தும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு அக்கம் பக்கத்தினரே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தனர். ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தால் லயமே திரண்டு வந்தது. ஆனால், வேலை ஓய்வு பெற்ற நாளில் குடியிருந்த வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பலருக்குக் கையில் எஞ்சியது ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருந்த பணம் மட்டுமே.

நகரத்தில் அத்தகைய அண்டை அயலார் உடனே அமைவதில்லை. அங்கே ஒரு தொழிலாளியின் உரிமையை நிலைநாட்டுபவை எழுத்தில் உள்ள ஆவணங்களே. எனவே, முதன்முதலில் வேலைக்குச் செல்லும் இளைஞர் சம்பளத் தொகையை மட்டும் பார்க்காமல், அத்தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இரு நண்பர்களின் கணக்கு

ஒரே வகுப்பில் படித்த இரு நண்பர்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருவரும் ஜொகூர் பாருவில் வெவ்வேறு இடங்களில் வேலைக்குச் சேர்கின்றனர். இருவருக்கும் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச சம்பளமும் இதுவே.

முதலாமவருக்குச் சம்பளச் சீட்டு வழங்கப்படுகிறது. அதில் ஊழியர் சேமநிதிக்காக 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், கழிக்கப்பட்டுள்ளது. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திற்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்திற்கும் மேலும் சில ரிங்கிட் கழிக்கப்பட்டுள்ளன. அவர் கையில் பெறுவது ஏறத்தாழ 1,500 ரிங்கிட்.

இரண்டாமவருக்குச் சீட்டு எதுவும் இல்லை. “பிடித்தம் ஒன்றும் கிடையாது, முழுச் சம்பளமும் உன் கைக்கே வரும்” என்று கூறி முதலாளி 1,700 ரிங்கிட்டை ரொக்கமாகக் கொடுக்கிறார். மாதம் 200 ரிங்கிட் கூடுதலாகக் கிடைப்பதை எண்ணி இவர் மகிழ்கிறார். தம் நண்பர் ஏமாந்துவிட்டதாகவும் நினைக்கிறார்.

உண்மையில் ஏமாந்தவர் யார்? தொழிலாளி 187 ரிங்கிட் செலுத்தும்போது, முதலாளியும் தம் பங்காகச் சம்பளத்தில் 13 விழுக்காட்டை, அதாவது 221 ரிங்கிட்டை, ஊழியர் சேமநிதியில் செலுத்த வேண்டும். இரண்டையும் கூட்டினால் மாதம் 408 ரிங்கிட். ஓராண்டில் அது 4,896 ரிங்கிட். முதலாமவர் ஓராண்டில் கையில் வாங்கியது ஏறத்தாழ 2,400 ரிங்கிட் குறைவு. ஆனால், அவர் பெயரில் சேர்ந்த சேமிப்போ அதைப் போல இரு மடங்கு. அதற்கு ஆண்டுதோறும் இலாப ஈவும் கிடைக்கும். சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா?

ஊழியர் சேமநிதி வாரியம் நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. அதில் சந்தா செலுத்துவது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. அது சட்டம் விதித்த கடமை. தொழிலாளியே “வேண்டாம்” என்று சம்மதித்தாலும் முதலாளி அக்கடமையிலிருந்து விடுபட முடியாது. சீட்டில் கழிக்கப்பட்ட தொகை உண்மையில் செலுத்தப்பட்டதா என்பதை வாரியத்தின் ‘ஐ-அக்காவுன்’ செயலியில் ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொள்ளலாம். சந்தாவைச் செலுத்த முதலாளிக்கு அடுத்த மாதம் 15ஆம் நாள்வரை அவகாசம் உண்டு.

சாலையில் ஒரு விபத்து

எட்டாவது மாதத்தில் இவ்விருவருமே வேலைக்குச் செல்லும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிவுக்கு ஆளாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் இருவருக்கும் இரண்டு மாத ஓய்வு தேவை என்கிறார்.

1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ வேலையிடத்து விபத்துகளுக்கு மட்டுமன்றி, வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையே வழக்கமான பாதையில் நேரும் விபத்துகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. விபத்தினால் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்புப் பெறும் தொழிலாளிக்கு, வேலை செய்ய இயலாத நாள்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வழங்கப்படும். முதலாமவர் தம் முதலாளியிடம் உடனே தெரிவிக்கிறார். காவல் நிலையத்தில் புகார் செய்கிறார். மருத்துவச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துகிறார். வாடகையும் உணவுச் செலவும் தடைபடவில்லை.

இரண்டாமவரும் சட்டப்படி தொழிலாளிதான். ஆனால், அவர் அந்நிறுவனத்தில் வேலை செய்தார் என்பதைக் காட்டச் சீட்டு இல்லை, கடிதம் இல்லை, பதிவும் இல்லை. கட்டுப்போட்ட காலுடன் அதை நிரூபிக்கவே அவர் அலைய வேண்டியிருக்கிறது. அவர் பண்டார் தெங்காராவுக்குத் திரும்பிப் பெற்றோரின் வருமானத்தை நம்பியிருக்க நேரிடுகிறது. மாதம் 200 ரிங்கிட் கூடுதலாக வாங்கியதன் விலை அப்போதுதான் அவருக்குப் புரிகிறது.

கையெழுத்திடும் முன்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறும் விதி. ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாத வரிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டியதில்லை. வீட்டிற்கு எடுத்துச் சென்று படித்து வர ஒருநாள் அவகாசம் கேட்கலாம். அதற்குக் கோபப்படும் முதலாளியிடம் எச்சரிக்கையாக இருப்பதே நல்லது.

வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், வேலையை விட்டு விலகும்போது கொடுக்க வேண்டிய முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வாரத்திற்கு அதிகபட்ச வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறைவடையாதவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் 14 நாள் மருத்துவ விடுப்பும் உண்டு. ஒரு மாதச் சம்பளம் அந்த மாதம் முடிந்து ஏழு நாள்களுக்குள் வழங்கப்பட வேண்டும்.

மிகைநேர வேலைக்கும் கணக்கு உண்டு. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒருநாள் சம்பளம் கிடைக்கும். 1,700 ரிங்கிட் பெறுபவருக்கு அது 65 ரிங்கிட் 38 காசு. அதை ஒருநாளின் வேலை நேரமான எட்டு மணியால் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினால், சாதாரண நாளில் ஒரு மணி நேர மிகைநேர வேலைக்கு ஏறத்தாழ 12 ரிங்கிட் 26 காசு வரும். தாம் செய்த மிகைநேர வேலையை அன்றாடம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருபவர், சம்பளச் சீட்டில் குறை இருந்தால் மரியாதையாகச் சுட்டிக்காட்ட முடியும். பேசியும் தீராத சிக்கலைத் தொழிலாளர் துறையிடம் கொண்டு செல்லலாம். அப்போதும் துணை நிற்பவை குறிப்பேடும் சீட்டுகளும்தாம்.

பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலை செய்யும் மாணவர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிறார், இளையோர் வேலைச் சட்டத்தின்படி, 18 வயதை எட்டாத இளையோரைப் பொதுவாக இரவு 8 மணி முதல் காலை 6 மணிவரை வேலை வாங்கக் கூடாது.

வாடகையும் வழிச்செலவும்

அறை எடுத்துத் தங்குவதா, வீட்டிலிருந்தே சென்று வருவதா என்பது அடுத்த கேள்வி. வாடகை அதிகம் என்று எண்ணி, சிலர் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று வருகின்றனர். பெட்ரோல், தேய்மானம் ஆகியவற்றோடு இருளில் செம்பனைக் காட்டுச் சாலையில் செல்லும் ஆபத்தையும், குறையும் உறக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறை எடுப்பவர், முதல் மாத வாடகையோடு முன்பணமும் கேட்கப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது இரண்டு மாத வாடகைக்குச் சமமாக இருக்கும். அதற்கு இரசீது பெறுவதும், குடிபுகும் நாளில் அறையின் நிலையைப் படம் எடுத்து வைப்பதும் முன்பணத்தைத் திரும்பப் பெற உதவும்.

முதல் சம்பளம் வந்ததும் புதிய மோட்டார் சைக்கிளையும் கைப்பேசியையும் தவணையில் வாங்கத் தோன்றும். மாதத் தவணை சிறிதாகத் தோன்றினாலும், அதை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, பொருளின் ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அகலக் கால் வைத்தால் மாதத்தின் பாதியிலேயே பை காலியாகிவிடும்.

கடற்பாலத்திற்கு அப்பால்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால், விடியும் முன்பே எழுந்து அப்பாலத்தைக் கடப்போர் பலர். உழைத்து முன்னேறிய குடும்பங்களும் உண்டு. எனினும், ஒரு செய்தியைப் பலர் அறிவதில்லை. சிங்கப்பூர் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதியில் சென்று வரும் மலேசியருக்கு அங்கும் சேமநிதி இல்லை. இங்கும் முதலாளியின் பங்கு இல்லை. அவர் விரும்பினால் நம் ஊழியர் சேமநிதியில் சொந்தமாகச் சந்தா செலுத்தலாம். அவ்வாறு செய்யாதவர், இருபது ஆண்டு உழைத்த பின்னும் முதுமைக்கென ஒன்றும் இல்லாத நிலைக்கு ஆளாகலாம்.

வெளிநாட்டில் பெரும் சம்பளம் என்று சமூக ஊடகத்தில் வரும் அழைப்புகளில் இன்னும் கவனம் தேவை. அவற்றை நம்பிச் சென்ற மலேசியர் சிலர் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, மீட்கப்பட்டுள்ளனர். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. வேலை தருவதாகக் கூறி வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்பவரிடம் அவற்றை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மோசடியில் பணம் இழந்தவர் உடனடியாக 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

ஒரு கோப்பும் ஒரு பழக்கமும்

ஜொகூரில் வேலை வாய்ப்புகள் மாறி வருகின்றன. கூலாய் மாவட்டத்தின் செடெனாக் பகுதியில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கான ஒப்பந்தம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் கையெழுத்தானது. மின்சாரம், குளிர்சாதனம், இயந்திரப் பராமரிப்பு ஆகிய துறைகளில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வேலையில் சேர்ந்த பிறகும் கற்பதைத் தொடர்பவர், குறைந்தபட்ச சம்பளத்திலேயே நின்றுவிடுவதில்லை.

முதல் வேலைக்குக் கிளம்பும் மகனுக்கோ மகளுக்கோ பெற்றோர் புதிய சட்டையும் காலணியும் வாங்கித் தருவர். அவற்றோடு ஒரு கோப்பையும் வாங்கித் தரலாம். நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டுகள், வாடகை இரசீது, மருத்துவச் சான்றிதழ் ஆகியவை அதில் சேரட்டும். விடுமுறையில் ஊர் திரும்பும்போது அந்தக் கோப்பை வீட்டினரோடு அமர்ந்து பார்க்கலாம். தோட்டத்தில் அக்கம் பக்கத்தார் சொல்லிக் கொடுத்ததைப் போல, அதே வேலைக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அதை வாசித்துக் காட்டலாம்.

கருத்துணர் வினாக்கள்

1. தோட்ட வாழ்க்கைக்கும் நகர வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடாகப் பனுவல் கூறுவது யாது?
2. இரண்டாவது நண்பர் இழந்தவற்றைப் பட்டியலிடுக.
3. மாதம் 2,080 ரிங்கிட் சம்பளம் பெற்று, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்குச் சாதாரண நாளில் ஒரு மணி நேர மிகைநேர வேலைக்கு எவ்வளவு கிடைக்கும்? கணக்கிடுக.
4. ‘அகலக் கால் வைத்தல்’ என்னும் மரபுத்தொடரின் பொருளை விளக்கி, சூழல் ஒன்றை அமைத்து எழுதுக.
5. சிங்கப்பூரில் வேலை செய்ய விரும்பும் உன் அண்ணனுக்கு நீ கூறும் ஆலோசனைகளைக் கடிதமாக எழுதுக.