ராகியைச் சோதிக்கும் வேலை: கடத்தூர்ப் பட்டதாரிகளுக்கு

கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வேதியியலோ உயிர்வேதியியலோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது உணவுப் பகுப்பாய்வு. தருமபுரி ராகி விளைகிற, ராகிக் களி தின்கிற மாவட்டம். 2023 மே முதல் இங்குள்ள ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு கொண்டுவந்தது. அரசே வாங்கி விநியோகிக்கும் தானியத்துக்குத் தரம் பார்க்க, படித்த கைகள் வேண்டும்.

முதலில் அடுக்களையிலேயே செய்யக்கூடிய சோதனை. நிறம் மங்கிய பழைய ராகியைப் புதிதாகக் காட்ட ரோடமின் பி என்ற துணிச்சாயத்தை ஏற்றலாம். 2024 பிப்ரவரியில் தமிழகம் பஞ்சுமிட்டாயைத் தடை செய்யக் காரணமான அதே சாயம்தான். இதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விரைவுச் சோதனைக் கையேடு சொல்லும் வழி: ஒரு பஞ்சைத் தண்ணீரிலும் இன்னொன்றைச் சமையல் எண்ணெயிலும் நனைத்து, ராகி மீது தனித்தனியாகத் தேயுங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் சந்தேகம். ஆனால் தோலின் பழுப்பும் புழுதியும்கூடப் பஞ்சில் ஒட்டும். ரோஸ் நிறத்தையும் பழுப்பையும் பிரித்தறிய, நல்ல ராகியை அளைந்து வளர்ந்த கண் பெரிய துணை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது இயல்பாகவே இருக்கும்.

பஞ்சை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. ஆய்வகத்தில் சாயத்தைக் காரக் கரைசலில் வெள்ளைக் கம்பளி நூலில் ஏற்றி, பிரித்தெடுத்து, குரோமடோகிராபியில் ஓடவிட்டு, நிறமாலைமானியில் சுமார் 550 நானோமீட்டர் அருகே உச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

மாவாக அரைத்துவிட்டால் சிக்கல் கூடும். கோதுமை மாவு கலந்திருந்தால் நுண்ணோக்கி காட்டிக்கொடுக்கும்: கோதுமை ஸ்டார்ச் துகள்களில் பெரியவை வட்டத் தட்டுகள், ராகியுடையவை சிறியவை, கோணலானவை. குளூட்டனைத் தேடும் எலைசா சோதனையும் உண்டு. மக்காச்சோள மாவு கலந்தால்? தேனில் கலந்த மக்காச்சோளப் பாகைப் பிடிக்கும் கார்பன் ஐசோடோப்பு முறை இங்கே உதவாது. ராகியும் மக்காச்சோளமும் ஒரே சி4 ஒளிச்சேர்க்கை வகை. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனைக்குப் போக வேண்டும். கால்சியமும் நல்ல துப்பு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம். மக்காச்சோளத்தில் 9 அளவில்தான். அளவு வெகுவாகக் குறைந்தால் ஏதோ கலந்திருக்கிறது என்று மேலே தேடலாம். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று தெரிந்திருப்பதுதான் இந்த வேலையில் திறமை. பொத்தானை அழுத்த யாரும் பழகிவிடலாம்.

குற்றமில்லை என்று சொல்வதும் இதே வேலை. ரேஷன் அரிசியில் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து மக்கள் கொட்டியதைக் கேட்டிருப்பீர்கள். அவை இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் வார்த்த செறிவூட்டிய மணிகள். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ விகிதத்தில் கலக்கப்பட்டவை. அயோடின் சொட்டுவிட்டால் ஸ்டார்ச் கருநீலமாகும், பிளாஸ்டிக் ஆகாது. ஏழை வீட்டு அரிசி குப்பைக்குப் போகாமல் காக்கும் ஒரு சொட்டு அது.

சட்டம் படிக்காமல் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பாகமாகும்: ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரின் காவலில், நான்காவது வியாபாரி கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். மூட்டையின் மேல்வாயில் மட்டும் அள்ளிய மாதிரி மூட்டையைச் சொல்லாது. குத்தூசியை மேல், நடு, அடி என்று பல இடத்தில் குத்தி எடுத்துக் கலக்க வேண்டும். முத்திரை சரியில்லை என்றால் எவ்வளவு துல்லியமான அளவீடும் வழக்கில் நிற்காது.

வழிகள்: மாநில அரசின் உணவுப் பாதுகாப்பு அலுவலரை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது, உணவுத் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேளாண்மைப் பட்டம் செல்லும், வேதியியல் என்றால் முதுகலை வேண்டும். உணவுப் பகுப்பாய்வாளர் ஆக முதுகலை, மூன்றாண்டு அனுபவம், அதன் மேல் ஆணையத்தின் தகுதித் தேர்வு. உங்களுக்குப் பக்கத்து அரசு ஆய்வகம் சேலத்தில். அனுபவத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரமுள்ள தனியார் ஆய்வகங்களே எளிய வாசல். மேற்படிப்புக்கு மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ., தஞ்சாவூர் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இரண்டையும் பாருங்கள்.

படிக்கும்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். கடத்தூர் கடைகளில் ராகி வாங்கி, தேதி, மூட்டை அடையாளம், பஞ்சுச் சோதனையின் புகைப்படம், உங்கள் சந்தேகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைப் பெயரை வெளியே சொல்லாதீர்கள், கலப்படம் இன்னும் நிரூபணமாகவில்லை. அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப நினைத்தால், வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 40ஆம் பிரிவு; கட்டணமும் உண்டு. நேர்காணலில் அனுபவம் என்ன என்று கேட்டால் அந்த நோட்டை எடுத்து வையுங்கள்.