கஷ்டம் எங்கே இருக்க வேண்டும்?

சிரஞ்சீவி ராகவனுக்கு மாமா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

வீடியோ கேம் உருவாக்கும் வித்தையைப் பயிலப் புகுந்திருக்கும் நீ, மாற்றுத்திறனாளிகளுக்கென்று சௌகரியங்களைச் சேர்த்தால் ஆட்டத்தின் சவால் கெட்டுவிடாதா என்று கேட்டிருந்தாய். நியாயமான சந்தேகந்தான். ஆயினும், விரோதி எங்கே பதுங்கியிருக்கிறான், அவனை எந்தச் சமயத்தில் எதிர்ப்பது என்று யோசித்துத் தவிப்பது ஒரு கஷ்டம். அவனுடைய காலடியோசை காதில் விழாமலோ, சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தோன்றுவதாலோ, பொத்தானை விரல் எட்டாமலோ தோற்பது வேறொரு கஷ்டம். முன்னதை அனுபவிக்கவே ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள். பின்னதை ஒருவரும் விலைக்குக் கேட்கவில்லை.

2020-இல் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ இதற்கு நல்ல உதாரணம். 60-க்கும் மேற்பட்ட வசதிகளைக் கொண்ட அந்த ஆட்டத்தை, முற்றிலும் பார்வையற்றவர்கள்கூட முடிவுவரை ஆடியிருக்கிறார்கள். எப்படி என்கிறாயா? ஆட்டத்தை இயக்கும் சாதனத்தின் இடது குச்சியை அழுத்தினால் கதாபாத்திரம் போகவேண்டிய திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. ஏறுவதற்கு ஓர் ஒலி, குனிவதற்கு ஓர் ஒலி, பொருளை எடுப்பதற்கு ஓர் ஒலி என்று தனித்தனியே வகுத்து, அவற்றை முன்கூட்டியே கேட்டுப் பழகிக்கொள்ள ஓர் ஒலி அகராதியும் வைத்திருக்கிறார்கள். மங்கிய பார்வை உடையவர்களுக்கோ, பின்னணி முழுவதும் சாம்பல் நிறமாக வெளிறிப்போக, நண்பர் நீலமாகவும் எதிரி சிவப்பாகவும் துலங்கும் ஏற்பாடு உண்டு. இவ்வளவு செய்தும் எதிரியின் தந்திரம் குறைந்துவிடவில்லை. கண் சொல்லிவந்த செய்தியைக் காது சொல்கிறது, அவ்வளவே. பிராண்டன் கோல் என்னும் பார்வையற்ற ஆலோசகர் போன்றவர்களை, ஆட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அருகில் அமர்த்திக் கேட்டறிந்ததன் பலன் இது.

ஆட்டத்தை இயக்கும் சாதனத்தில் இத்தகைய சௌகரியம் செய்துகொடுத்த சரித்திரம் இன்னும் பழையது. வாயால் குழலை ஊதியும் உறிஞ்சியும் ஆடத்தக்க ஒன்றை நிண்டெண்டோ 1989-லேயே விற்றது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் கொணர்ந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் இரண்டு பெரிய பொத்தான்களும், காலாலோ முழங்கையாலோ தலையாலோ அழுத்தக்கூடிய சுவிட்சுகளைச் செருக வரிசையாகத் துளைகளும் உள்ளன. அது வரும் அட்டைப்பெட்டியைக்கூடப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டாதபடி, வளையத்தில் கை நுழைத்து இழுத்தால் திறக்குமாறு அமைத்தவர்களின் கரிசனத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். அந்தச் சுவிட்சுகளையெல்லாம் தனித்தனியே காசு கொடுத்து வாங்கவேண்டியிருப்பதை மட்டும் மெச்ச முடியவில்லை.

நீ எழுதப்போவது சிறிய ஆட்டம் என்பதால் இத்தனையும் உன்னால் ஆகாது, ஆகவும் வேண்டாம். பொத்தான்களை விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதியையும், பெரிதாக்கத்தக்க வசன எழுத்தையும் ஆரம்பத்திலேயே அமைத்துவிடு. கடைசியில் ஒட்டவைக்கப் புகுந்தால் பிரயாசை பன்மடங்காகும். நிறத்தால் மட்டும் எதையும் உணர்த்தாதே, வடிவத்தையும் துணைக்குச் சேர். திரையை வாசித்துக் காட்டும் குரலை வைப்பாயானால், அதை நான்கு பட்டியல்களுக்கு அப்பால் ஒளித்துவைக்காமல், ஆட்டம் தொடங்கிய உடனேயே தானாகப் பேசும்படி செய். அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கண் வேண்டியிருக்குமானால், அது யாருக்காக வைக்கப்பட்டதோ அவருக்கே அகப்படாது.

இப்படிக்கு,
உன் மாமா