மன்னிப்பு மனுவும் பழைய கேஸும்

சென்ற மாதம் ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்து, பூ வியாபாரத்தில் காலூன்றிய குடும்பம். "வக்கீல் அண்ணா, கவர்னருக்கு மனுப் போட்டா பையன் கேஸே இல்லாம போயிடுமாமே? நாப்பதாயிரம் கேக்கறாங்க. வளையலை அடகு வைக்கலாம்னு இருக்கேன்" என்றார். கேட்டவர் ஒரு புரோக்கர். "கேஸு கொட்டேஸ்தாரு" என்று தெலுங்கில் அடித்துச் சொல்லியிருக்கிறார். கனடாவில் இருக்கும் உறவினரும் "இங்கே அப்படி உண்டு" என்று சொன்னதால் அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

உறவினர் சொன்னது பொய்யல்ல. கனடாவில் 'பார்டன்' என்று இருந்து, 2012-இல் பெயர் மாறிய ஏற்பாட்டின்படி, தண்டனையை முடித்துக் குறிப்பிட்ட ஆண்டுகள் ஒழுங்காக இருந்தவரின் பதிவைத் தனியே ஒதுக்கி வைக்கிறார்கள். இங்கிலாந்திலும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நம் நாட்டில் வயது வந்தவரின் குற்றப் பதிவை மூடி முத்திரையிட அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை.

அப்படியானால் ஆளுநரின் மன்னிப்பு என்பது என்ன? அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும், 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ அதிகாரம் தருகின்றன. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்படுகிறார். 1988-இல் கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: மன்னிப்பு அதிகாரம் வேறு தளத்தைச் சேர்ந்தது, அது நீதிமன்றத்தின் தீர்ப்புப் பதிவைத் திருத்துவதோ மாற்றுவதோ இல்லை. நம் ஆந்திராவிலேயே ஏப்பூரு சுதாகர் வழக்கு உண்டு. கர்னூல் பக்கத்து அரசியல் பிரமுகர் ஒருவருக்கு ஆளுநர் அளித்த தண்டனைக் குறைப்பை 2006-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெரிய இடத்து மன்னிப்புக்கே இந்தக் கதி என்றால், புரோக்கர் வாங்கித் தரும் மன்னிப்பைப் பற்றி என்ன சொல்ல!

பையனின் கதை சிறியது. 2019-இல், 22 வயதில், கடை வாசலில் வண்டி நிறுத்துவது பற்றித் தகராறு, ஓர் அடி. 323-ஆவது பிரிவில் வழக்கு. "ஆயிரம் ரூபாய் பைன் கட்டினேன், முடிஞ்சுது" என்றான். இந்த 'முடிஞ்சுது' தான் நம்மவர்களை ஏமாற்றும் சொல். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்புதான். அலைச்சலுக்குப் பயந்து தலையாட்டுவதற்கு முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள். 323 சமரசத்துக்கு உரிய பிரிவு. எதிர்த்தரப்போடு முறையாகச் சமரசம் செய்துகொண்டிருந்தால் விடுதலைக்குச் சமமாகியிருக்கும்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கச் சொன்னேன். வீட்டில் யாரும் அதைப் பார்த்ததேயில்லை. நகல் வந்தது. நான் இரண்டு முறை படித்தேன். அது அபராதமே இல்லை! 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி நீதிபதி அவனை எச்சரித்து விட்டிருந்தார். ஆயிரம் ரூபாய், 5-ஆவது பிரிவின்படி அடிபட்டவருக்கு நஷ்டஈடு. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் சட்டத் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். 12-ஆவது பிரிவு தகுதியிழப்பைத்தான் நீக்குகிறது, நடந்ததை அழிப்பதில்லை. 1990-இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆகையால் விண்ணப்பத்தில் கேட்டால் "உண்டு" என்று எழுதி, நகலை இணைக்க வேண்டும். 2016-இல் அவதார் சிங் வழக்கில், விவரத்தை மறைப்பது வேலையைப் பறிக்கலாம், உண்மையைச் சொன்ன அற்ப வழக்கை வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று தீர்ப்பாயிற்று. பையன் முதலில் "இல்லை" என்று எழுதத்தான் நினைத்திருந்தான்.

பாஸ்போர்ட் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்று ஐந்தாண்டு ஆகவில்லை என்றால் மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தாலும், 25-8-1993 தேதியிட்ட அறிவிப்பின்படி, நீதிமன்ற அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட் வாங்க வழியுண்டு.

உண்மையிலேயே பதிவை அழிக்கச் சொல்லும் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு அது. கொடுங்குற்றத்தில், 16 வயது கடந்து, பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விலக்கு. பள்ளி வயதில் வழக்கில் சிக்கிய பிள்ளை இருந்தால், பதிவு அழிக்கப்பட்டதா என்று இளைஞர் நீதி வாரியத்தில் கேளுங்கள்.

நகல் வாங்க வழக்கு எண் தெரியாவிட்டால், ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். தெலுங்கு ஆவணங்களில் நம் பெயர்களின் எழுத்து மாறியிருக்கும்; தகப்பனார் பெயரையும் வைத்துப் பாருங்கள். இந்தப் பையனின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்ததைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.