ஒடிந்த போல்ட்டை எடுப்பது எப்படி? (தொழில் பாடம்)



சென்ற மாதம் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். மகன் இருசக்கர வாகனப் பட்டறையில் தொழில் பழகும் பிள்ளை. வாடிக்கையாளர் ஒருவரின் வண்டியில் சைலன்சரைக் கழற்றும்போது, இன்ஜின் ஹெட்டில் இருக்கும் ஸ்டட் ஒடிந்துவிட்டது. முதலாளி வெளியே போயிருந்தார். பயத்தில் பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. தானே துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டரை உள்ளே விட்டு, பலம் கொண்ட மட்டும் திருகியிருக்கிறார். எக்ஸ்ட்ராக்டரும் உள்ளேயே ஒடிந்துபோனது. கடைசியில் ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பிள்ளையின் இரண்டு வாரச் சம்பளம் போனது. வேலையும் போய்விடுமோ என்று தாய் கலங்கி வந்தார்.

அந்தச் செலவுக்கு நாம் சிறு கடனுதவி செய்தோம். ஆனால் கடன் கொடுப்பதோடு இது தீராது என்று நமக்குப் பட்டது. நம் பிள்ளைகள் பலர் மெக்கானிக், வெல்டிங், பிளம்பிங், தையல் வேலைகளில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் போல்ட் ஒடியத்தான் செய்யும். ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் பாய் ஒருவரை அழைத்து, ஞாயிறு அன்று நம் ஹாலில் ஒரு வகுப்பு நடத்தினோம். அதன் சாரத்தை வீட்டில் இருப்பவர்களுக்கும் பயன்படும்படி இங்கே தருகிறோம்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எப்படி ஒடிந்தது?

போல்ட் ஒடிவதில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்து அறியாமல் கருவியைக் கையில் எடுக்கக் கூடாது.

ஒன்று, இறுக்கும்போது ஒடிவது. அளவுக்கு மேல் முறுக்கியதால் தலை துண்டாகிவிடும். இதில் மரை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தலை போனதும் போல்ட்டை இழுத்துப் பிடித்திருந்த இறுக்கமும் போய்விடும். உள்ளே இருக்கும் துண்டு தளர்வாகத்தான் கிடக்கும். கூரிய முனையுள்ள ஊசிக் கம்பியாலோ சிறிய உளியாலோ ஓரத்தில் இடப்பக்கமாக மெல்லத் தட்டினாலே சில நேரம் சுழன்று வந்துவிடும்.

இரண்டாவது, கழற்றும்போது ஒடிவது. துரு பிடித்து மரைக்குள் இறுகிப்போனதால் போல்ட் அசையவில்லை, நாம் விடவில்லை, நடுவில் முறிந்தது. இதுதான் கடினமான வகை. துரு என்பது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரையின் இடைவெளிகளை அது ஆப்பு அடித்ததுபோல் நிரப்பிவிடுகிறது.

2. எக்ஸ்ட்ராக்டரின் பலமும் பலவீனமும்

பட்டறைகளில் ஈசி அவுட் என்றும் சொல்லும் எக்ஸ்ட்ராக்டர், முனை மெலிந்த கூம்பு வடிவக் கருவி. அதன் உடலில் இடப்பக்கமாகச் சுற்றும் புரி இருக்கும். ஒடிந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, இதை உள்ளே வைத்து இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப அது துளையின் சுவரைக் கடித்துப் பிடிக்கும். சாதாரண போல்ட் கழல்வதும் அதே திசையில்தான் என்பதால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் போல்ட்டுக்குள் நுழைகிற கருவி. ஆகவே அது போல்ட்டைவிட எப்போதும் மெலிந்ததுதான். மிகக் கடினமான எஃகால் செய்யப்பட்டதால் வளையாது, சட்டென்று ஒடியும். முழு தடிமனுள்ள போல்ட்டே தாங்காமல் முறிந்த முறுக்கை, அதில் பாதி தடிமனுள்ள கருவி எப்படித் தாங்கும்?

ஆகவே பலம் காட்டுவது எக்ஸ்ட்ராக்டரின் வேலை இல்லை. மரையைத் தளர்த்தும் வேலையை நாம் முன்பே முடித்திருக்க வேண்டும். தளர்ந்த துண்டை வெளியே கொண்டுவருவதற்குத்தான் அந்தக் கருவி. அந்தப் பிள்ளை செய்த தவறு எக்ஸ்ட்ராக்டரைப் பயன்படுத்தியது அல்ல. அதை முதலில் பயன்படுத்தியதுதான் தவறு.

உள்ளே ஒடிந்த எக்ஸ்ட்ராக்டரைச் சாதாரண டிரில் பிட்டால் துளைக்க முடியாது. அதற்குக் கார்பைடு பிட் வேண்டும், அல்லது மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். செலவு பெருகுவது இங்கேதான்.

3. எக்ஸ்ட்ராக்டருக்கு முன்பு செய்ய வேண்டியவை

எண்ணெய்: டபிள்யூ.டி.40 போன்ற துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டுக் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதாது. ஓர் இரவு ஊற விடுவது நல்லது. இடையிடையே சிறு சுத்தியலால் துண்டின் மேல் தட்டிக் கொடுத்தால் துரு விரிசல் கண்டு எண்ணெய் உள்ளே இறங்கும்.

சூடு: போல்ட் இரும்பாகவும் அது இறங்கியிருக்கும் பாகம் அலுமினியமாகவும் இருந்தால் சூடு மிக நல்ல துணை. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே சுற்றியுள்ள பாகத்தைச் சூடாக்கினால் மரை இளகும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து காட்டாமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நிறத்தைப் பார்த்துச் சூட்டை அளக்க முடியாது. ஆகவே அளவோடு காட்ட வேண்டும். அடுத்து, பெட்ரோல் டேங்க், டியூப், கார்புரேட்டர் ஆகியவற்றை அகற்றாமலும், விட்ட எண்ணெயைத் துடைக்காமலும் நெருப்பைக் காட்டவே கூடாது.

வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்: துண்டு சிறிது வெளியே தெரிந்தால் துளை போட அவசரப்பட வேண்டாம். வைஸ் கிரிப்பால் பிடித்து இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக அசைக்கலாம். இரு பக்கமும் அரத்தால் தட்டையாக்கி ஸ்பானர் போடலாம். ஹேக்சா பிளேடால் கீறல் போட்டுத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பலாம். வெல்டிங் தெரிந்தவர் இருந்தால் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைப்பது சிறந்த வழி. பிடிக்க நட்டும் கிடைக்கும். வெல்டிங் சூட்டில் துருவும் விடும். மெக்கானிக் பாய் தம் பட்டறையில் முதலில் செய்வது இதைத்தானாம்.

4. துளை போடுதல்

மேற்சொன்னவை பலிக்காதபோது, அல்லது துண்டு மட்டத்துக்குக் கீழே முறிந்திருக்கும்போது எக்ஸ்ட்ராக்டரை எடுக்கலாம். இதில் பாதி வெற்றி துளையைப் பொறுத்தது.

கண்ணாடி அணியாமல் டிரில்லைத் தொடக் கூடாது.

முறிந்த முகம் மேடுபள்ளமாக இருந்தால் அரத்தாலோ சிறு கிரைண்டர் கல்லாலோ சமப்படுத்தி, சரியாக நடுவில் சென்டர் பஞ்சால் குறி அடிக்க வேண்டும். துளை ஓரம் சாய்ந்தால் பிட் மென்மையான அலுமினியத்துக்குள் நழுவி மரையைக் கெடுத்துவிடும். குறி தவறினால் அங்கேயே நிறுத்தித் திரும்ப அடியுங்கள்.

துளையின் அளவு போல்ட்டின் விட்டத்தில் ஏறக்குறைய பாதி. 6 மி.மீ. போல்ட்டுக்கு 3 மி.மீ., 8 மி.மீ. போல்ட்டுக்கு 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ட்ராக்டர் பெட்டியில் அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். 10-ம் நம்பர் ஸ்பானர் போடும் நட்டு என்றால் பெரும்பாலும் 6 மி.மீ. ஸ்டட், 12 அல்லது 13 என்றால் 8 மி.மீ. துளை பெரிதானால் போல்ட்டின் சுவர் மெலிந்துவிடும். அதில் கூம்புக் கருவி இறங்கும்போது சுவர் விரிந்து மரையை இன்னும் இறுக்கும். எக்ஸ்ட்ராக்டரைச் சுத்தியலால் ஓங்கி அடித்து இறக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய், நேரான கை. டிரில்லில் ரிவர்ஸ் இருந்தால் இடப்பக்கம் வெட்டும் பிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துளை போடும்போதே அந்தப் பிட் துண்டைக் கழற்றும் திசையில் தள்ளுவதால், பல முறை எக்ஸ்ட்ராக்டர் தேவைப்படாமலே வந்துவிடும்.

5. திருப்புதல், நிறுத்துதல்

எக்ஸ்ட்ராக்டரை ஒரு பக்கமாக ஸ்பானர் போட்டுத் திருப்பாதீர்கள். பக்கவாட்டு அழுத்தம்தான் அதை ஒடிக்கும். மரை வெட்டும் டேப்புக்குப் போடும் இருபுறக் கைப்பிடியைப் பொருத்தி, இரண்டு கைகளாலும் சமமாகத் திருப்ப வேண்டும்.

துண்டு அசைந்தால் கைக்குத் தெரியும். அசையாமல், கைப்பிடி மட்டும் ஸ்பிரிங்போல முறுக்கிக் கொடுத்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அடுத்தது ஒடிவதுதான். கருவியை வெளியே எடுத்து, மறுபடியும் எண்ணெய், மறுபடியும் சூடு, மறுநாள் முயற்சி.

அப்படியும் வராவிட்டால், நடுத்துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, மரையில் ஒட்டியிருக்கும் மெல்லிய சுருளை மட்டும் ஊசிக் கம்பியால் எடுத்துவிட்டு, டேப் ஓட்டி மரையைச் சுத்தம் செய்யலாம். சாதாரண மரைக்குத் துளையின் கடைசி அளவு 6 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ.; 8 மி.மீ. போல்ட்டுக்கு 6.8 மி.மீ. துளை சரியாக நடுவில் இருந்தால் மட்டுமே இது கைகூடும். மரை கெட்டுப்போனால் சிறிது பெரிய துளை போட்டுக் கம்பிச்சுருள் மரை பொருத்தும் வழி இருக்கிறது. அதை லேத் பட்டறையில் கொடுப்பது நல்லது.

6. வீட்டில்

தையல் மெஷின் ஸ்க்ரூவின் வெட்டு சிதைவதற்குக் காரணம் பெரும்பாலும் சிறிய டிரைவர்தான். வெட்டின் முழு அகலத்துக்கும் நிறைகிற முனையைப் பயன்படுத்துங்கள். அசையாவிட்டால் இரவு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுக் காலையில் பாருங்கள். நட்சத்திர ஸ்க்ரூ சிதைந்து வழுக்கினால், டிரைவர் முனைக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே அகலமான ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள்.

குழாயின் மரை சுவருக்குள்ளே ஒடிந்துவிட்டால் முதலில் தொட்டியின் வால்வை மூடுங்கள். உள்ளே இருக்கும் துண்டை எடுக்கக் குழாய் அளவு எக்ஸ்ட்ராக்டர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஹேக்சா பிளேடால் துண்டின் உட்புறத்தில் நீளவாக்கில் கீறி, சிறு உளியால் உள்பக்கமாக மடக்கி எடுக்கலாம். பிளேடு எல்போவின் மரையைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும்.

7. மீண்டும் ஒடியாதிருக்க

மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். சைலன்சர் போன்ற சூடான இடங்களில் மரைக்குச் சிறிது காப்பர் கிரீஸ் தடவி, பித்தளை நட்டு போடுங்கள். சிறிய போல்ட்டுக்கு நீளக் கைப்பிடி போட்டு இறுக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் முதலாளிகளுக்கும்

பட்டறையில் விடப்பட்ட வண்டி நம் கையில் இருக்கும் அமானத். போல்ட் ஒடிந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒடிந்த ஸ்டட் அனுபவசாலி கையில் ஒரு மணி நேர வேலை. அதை மறைக்கப் போய் எக்ஸ்ட்ராக்டரையும் ஒடித்தால், ஹெட் இறங்க வேண்டிய வேலை.

முதலாளிகளான பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒடிந்ததைச் சொல்லும் பிள்ளையை வாடிக்கையாளர் முன்னால் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை சொல்லாது. துருப்பிடித்த ஸ்டட்டைத் தொடும் முன், "பாய், இது ஒடியவும் வாய்ப்பிருக்கிறது" என்று வண்டிக்காரரிடமும் சொல்லி வையுங்கள். வண்டி விடுகிறவர்களாகிய நாமும் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது அதே பட்டறையில்தான் வேலை செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ். வகுப்பன்று நாம் கொண்டுவந்து வைத்திருந்த பழைய ஹெட்டிலிருந்து துருப்பிடித்த ஸ்டட் ஒன்றை அவர்தான் எடுத்துக் காட்டினார். முந்தின நாளே எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. இறுக்கும்போது ஒடிந்த போல்ட்டுக்கும், கழற்றும்போது ஒடிந்த போல்ட்டுக்கும் என்ன வேறுபாடு?
2. துளை பெரிதாக இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் ஏன் பலன் தராது?
3. சூடு காட்டும் முன் வண்டியிலிருந்து எவற்றை அகற்ற வேண்டும்?
4. திருப்பும்போது எந்த அடையாளம் தெரிந்தால் கையை நிறுத்த வேண்டும்?