மூடி திறந்த பிறகு தண்ணீர் என்ன ஆகிறது?

வரதராஜப் பெருமாளின் வைகாசி கருட சேவை, ஏகாம்பரநாதரின் பங்குனி உத்திரம் என்று திருவிழா வந்துவிட்டால் நம் ஊர்க் கடைகளில் முதலில் தீர்வது தண்ணீர் பாட்டில்தான். 2019 ஜூலை, ஆகஸ்டில் அத்திவரதர் தரிசனத்தின்போது கடை திறந்து வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பிஸ்கட், மிட்டாய் போல இதுவும் ஒரு சரக்கு என்றே நாம் அடுக்கி வைக்கிறோம். ஆனால் 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைக்கப்பட்ட குடிநீரை அதிக அபாயமுள்ள உணவுப் பிரிவில் சேர்த்தது. காரணத்தை வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சீல் உடைக்காத பாட்டிலில் கிருமியே கிடையாது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஐ.எஸ். 14543 என்ற இந்தியத் தரப்படி, 37 டிகிரியில் வளர்த்துப் பார்த்தால் ஒரு மில்லிக்கு 20 வரையும், 20 முதல் 22 டிகிரியில் 100 வரையும் சாதாரண பாக்டீரியாக்கள் இருக்கலாம். ஈ.கோலி, கோலிஃபார்ம், சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆகியவை மட்டும் 250 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கம்பெனியில் கிருமியை அழிக்கச் செலுத்தும் ஓசோன் பாட்டிலில் நெடுநாள் தங்குவதில்லை. தப்பிப் பிழைத்த சில பாக்டீரியாக்கள், தண்ணீரில் உள்ள துளியளவு கரிமப் பொருளைத் தின்றே பெருகும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குப் பொதுவாக இவற்றால் தீங்கில்லை.

வாய் வைத்துக் குடித்ததும் நிலைமை மாறுகிறது. எச்சிலோடு வாயிலுள்ள பாக்டீரியாவும், அவற்றுக்குத் தீனியாக உணவுத் துணுக்கும் சர்க்கரையும் உள்ளே போகின்றன. கல்லா மேசையில் பாதி பாட்டில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தால், நம் ஊர் வெயிலில் அது பல மடங்கு பெருகும். ஃபிரிட்ஜில் வைத்தால் வளர்ச்சி மெதுவாகுமே தவிர, கிருமி சாகாது. செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கச் சொன்ன நம் பாட்டிமார்கள் பாக்டீரியாவைக் கண்டதில்லை. சொன்னது என்னவோ சரிதான்.

நமக்கு அதிகக் கவலை தருவது 20 லிட்டர் கேன். பட்டுக் கடையானாலும் மளிகைக் கடையானாலும் ஓரமாக ஒரு கேன் நிற்கிறது. தண்ணீர் இறங்க இறங்க அதே அளவு கடைக் காற்றும் தூசியும் உள்ளே ஏறுகிறது. குழாய் வாயை விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பாக ஒரு படலம் தெரியும். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி வாழும் இடம் அது. புதுக் கேனைக் கவிழ்த்தாலும் அந்தப் படலத்தைத் தொட்டுத்தான் தண்ணீர் வரும். வெறுமனே அலசினால் போகாது. குழாயைக் கழற்றி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். திறந்த கேனை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவது உத்தமம்.

வாசலில் வெயிலில் கேன் அடுக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். சன்னதித் தெருக் கடைகளில் கற்பூரம், ஊதுபத்தி, பினாயில் பக்கத்திலேயே தண்ணீரும் இருக்கிறது. பிளாஸ்டிக் வழியாக வாடை ஏறிவிடும். பிறகு வாடிக்கையாளர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவது நமக்குத் தெரியாததல்ல.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, காலாவதியான சரக்கை விற்றாலோ, சுகாதாரமில்லாமல் வைத்திருந்தாலோ, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாமல் போனாலோ, விற்றவரே பொறுப்பு. கம்பெனியைக் கைகாட்டித் தப்ப முடியாது. அதே சட்டத்தில், சப்ளை செய்தவர் தரும் பில்லே தரத்துக்கான எழுத்துபூர்வ உத்தரவாதமாகக் கொள்ளப்படுகிறது. திருவிழா நெரிசலில் வேனில் வந்து பெட்டிக்குப் பத்து ரூபாய் குறைத்து இறக்கிவிட்டுப் போகிறவர் பில் தருகிறாரா, லேபிளில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, மூடி வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று சரக்கு இறக்கும்போதே பாருங்கள். பில் இல்லையென்றால் சரக்கு இறக்க வேண்டாம்.