பேருந்துக் கட்டணமும் மருத்துவச் செலவுதான்

ஆம்பூர்ப் பகுதியில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோரின் வீடுகள் தோல் தொழிலை நம்பியவை. அப்பா தோல் ஷாப்பில் இருப்பார். அம்மா ஷூ கம்பெனிக்குப் போவார், அல்லது வீட்டிலேயே ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைத்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்குவார்.

எட்டாம் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் மாணவி ஒருத்தி, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அடிக்கடி விடுப்பு எடுத்தாள். விசாரித்தேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தினமும் வேலூர் போய் வருகிறார்; துணைக்கு அப்பா போகிறார். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை நடப்பதால் பணப் பிரச்சினை இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். "பஸ்ஸுக்கே கடன் வாங்குறாங்க சார்" என்றாள்.

நான் செய்த தவறு

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லி, உதவி கேட்டேன். பிள்ளைகள் தின்பண்டத்துக்கு வைத்திருந்த காசைக்கூடக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அதற்கடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா, "பணத்துக்கு ரொம்ப நன்றி சார். ஆனா பிள்ளை வெளியே வரமாட்டேங்குது" என்றார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "எல்லாரும் என்னைப் பாவமாப் பாக்குறாங்க சார்" என்றாள். உதவி செய்யப் போய், அவளுக்கு இருந்த ஒரே இடமான வகுப்பறையையும் நான் பறித்திருந்தேன். அவளிடமும் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தாள்.

வகுப்பறைச் செயல்பாடு

அப்போது வாழ்வியல் கணிதத்தில் சதவீதம் நடந்துகொண்டிருந்தது. யாரையும் சுட்டாத ஒரு குடும்பத்தைக் கணக்காக வைத்தேன். பேர்ணாம்பட்டில் ஒரு தோல் தொழிலாளி, தொண்டைப் புற்றுநோய். வாரம் 5 நாள் வீதம் 6 வாரம், 30 நாள் கதிர்வீச்சு. துணைக்கு மனைவி. தொகைகளை மாணவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

• பேருந்து, ஷேர் ஆட்டோ: 2 பேர் × 100 ரூபாய் × 30 நாள் = 6,000
• வெளியில் சாப்பாடு, தேநீர்: 100 × 30 = 3,000
• அவர் இழந்த கூலி: 500 × 30 = 15,000
• மனைவி இழந்த கூலி: 150 × 30 = 4,500
• மொத்தம்: 28,500 ரூபாய்

"சார், ஆஸ்பத்திரி பில் இதுல எங்கேயும் வரலையே!" என்றான் ஒரு மாணவன். நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் இந்த 28,500 ரூபாய் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. நகையும் முதலில் இதற்குத்தான் அடகுக்குப் போகிறது. பிள்ளையின் படிப்பு நிற்பதும் இதனால்தான். "பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீதானே?" என்றாள் ஒரு மாணவி. அது சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டும். ஊர்விட்டு ஊர் செல்லும் புறநகர்ப் பேருந்துகளுக்கு இல்லை என்பதை மற்றவர்களே சொன்னார்கள்.

இந்தச் செலவை யார் தாங்குவது?

அடுத்த இரண்டு பாடவேளைகளில் வழிகளைத் தேடினோம். ஒவ்வொன்றும் ஒரு சதவீதக் கணக்காக அமைந்தது.

1. ஈ.எஸ்.ஐ.: மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் உள்ள, பதிவு செய்யப்பட்ட தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நம் கணக்கில் 15,000 ரூபாயில் 10,500 திரும்பி வரும். புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு அதன்பின் 80 சதவீதம், இரண்டாண்டு வரை உண்டு. இதற்குக் குறைந்தது இரண்டாண்டு தொடர்ந்த பணி வேண்டும். வீட்டில் தைக்கும் தாய்மார்களில் பலருக்கு இந்தப் பதிவு இல்லை. ஒரே ஷூவைத் தைக்கும் இருவரில் ஒருவருக்குப் பாதுகாப்பு உண்டு, மற்றவருக்கு இல்லை என்பதைப் பிள்ளைகள் கணக்கிலேயே கண்டார்கள்.

2. முதலமைச்சர் காப்பீடு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அட்டை பெற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்துக்குச் செல்ல வேண்டும். 2019இல் மாவட்டம் பிரிந்தபின் ஆம்பூருக்கு அது திருப்பத்தூர். வேலூருக்குப் போய் ஒரு நாள் கூலியை வீணாக்க வேண்டாம்.

3. ரயில் சலுகை: சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் தள்ளுபடி, படுக்கை வசதிப் பெட்டியில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு இரண்டிலும் 75 சதவீதம். மருத்துவமனை தரும் சான்றுப் படிவம் அவசியம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வோருக்கு இது பெரிய உதவி.

4. அறக்கொடை: ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சை தொடங்கினார். ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரால் 1902இல் அங்கே 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. அதுவே இன்றைய சி.எம்.சி.யாக வளர்ந்தது. அங்கு ஏழை நோயாளிகளுக்காக நன்கொடையில் நடக்கும் நிதி இன்றும் உண்டு. பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய உதவிக்கு மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும். கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு மாணவன் எழுந்து, "எங்க வீட்டுல ரமலான்ல ஜகாத் கொடுப்பாங்க சார். அதுவும் சதவீதம்தான், இரண்டரை" என்றான். ஓராண்டு கையிருப்பில் இருந்த 2 லட்சம் ரூபாய்க்கு ஜகாத் எவ்வளவு என்று கேட்டேன். "5,000" என்று வகுப்பே சொன்னது. "வாங்குறவங்க பேரை வெளியே சொல்ல மாட்டாங்க" என்றும் சேர்த்துக்கொண்டான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடத்தை அவன் நடத்தினான்.

பள்ளி செய்யக்கூடியது

இப்போது எங்கள் ஆசிரியர் அறையில் ஓர் உண்டியல் இருக்கிறது. மாதம் ஒருமுறை விரும்பியவர்கள் போடுகிறோம். தேவைப்படும் குடும்பத்துக்கு வகுப்பாசிரியர் உறையைப் பெற்றோர் கையில் நேரடியாகக் கொடுப்பார். பெயர் எங்கும் சொல்லப்படுவதில்லை, படமும் எடுப்பதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வேண்டுகோள்கள்:

• தொடர் விடுப்புக்குக் காரணத்தைத் தனியாக அழைத்துக் கேளுங்கள்.
• 'காப்பீடு இருக்கிறதா' என்பதோடு நிறுத்தாமல், 'போக வர எப்படிச் சமாளிக்கிறீர்கள்' என்றும் கேளுங்கள்.
• விண்ணப்பம் நிரப்ப ஒரு மாலை ஒதுக்குங்கள். பணத்தைவிட அது அதிகம் உதவும்.
• விடுபட்ட பாடங்களைத் தோழி ஒருத்தி வழியாக வீட்டுக்கு அனுப்புங்கள்.

அந்த மாணவி ஆண்டுத் தேர்வு எழுதினாள். அவள் அம்மா இப்போது பரிசோதனைக்கு மட்டும் வேலூர் போய் வருகிறார். பேர்ணாம்பட்டுக் குடும்பத்தின் கணக்கை வகுப்பில் முதலில் முடித்தவள் அவள்தான். விடைக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "சார், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை." சேர்த்துக்கொண்டேன்.