பழவாளும் போலிவாளும்

1815இல் வீழ்ந்த கண்டியரசிலும் கரைநாட்டிலும் பிரதானிகளின் பதவிச்சின்னமாய் விளங்கியது, சிங்கமுகப் பிடியமைந்த ‘கஸ்தானே’ என்னும் குறுவாள். இன்று அதன் போலிகளும் பழம்பொருளென விலைபேசப்படுகின்றன.

மாணவர்காள், சிங்கமுகத்தைக் கண்டு மயங்கற்க. பிடியின் வேலைப்பாட்டைக் கூர்ந்து நோக்குக. பழங்கம்மியர் உளியாற் செதுக்கிய கோடுகள் கூர்மையுடையன. ஒன்றுபோல் மற்றொன்று இராது. மலிவான போலியிலோ கோடுகள் மழுங்கி, வார்ப்பச்சு இணைந்த தழும்பும் தெரியும். காலத்தால் ஏறிய துரு இடத்துக்கிடம் வேறுபடும். அமிலத்தால் ஊட்டிய துரு பெரும்பாலும் ஒரே சீராய்ப் படர்ந்திருக்கும்.

அலகில் ஒல்லாந்தக் கும்பெனியின் முத்திரை காணப்படின், உள்நாட்டு வாளன்றென ஒதுக்கிவிடாதீர். ஐரோப்பிய அலகுக்கு இந்நாட்டுப் பிடி பொருத்தும் வழக்கம் இருந்தது. முத்திரையையே போலியாய்ப் பொறிப்போரும் உளர் என்பது வேறு கதை!

வீட்டில் பழவாள் இருப்பின் செங்கற்பொடியிட்டுத் துலக்கற்க. இளமையில், ஹற்றனில் பழைய இரும்பு விற்பவரிடம் வாங்கிய வாளொன்றை யான் அவ்வாறே பளபளக்கத் துலக்கினேன். அலகிலிருந்த எழுத்துகள் துருவோடு தேய்ந்து போயின. அவற்றை ஒருமுறையேனும் படித்து வைத்தேனல்லேன்.